கப்பலில் வரும் மின்சாரம், கூரையில் விழும் மழை



சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றதும் வெளிநாட்டு மாநாடுகளும் அறிஞர்களின் உரைகளும்தாம் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. தீவில் குடியிருக்கும் நமக்கோ அது வீட்டுக் கணக்கு. அரிசியும் பருப்பும் சிமெண்டும் எரிவாயு உருளையும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து சென்னையிலிருந்து வருகின்றன. கப்பல் இரண்டு நாள் தாமதித்தால் காய்கறி விலை ஏறுவது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அதே கப்பல் வழியில்தான் மின்சாரமும் வருகிறது என்றால் சிலர் வியப்படையலாம். ஆனால் உண்மை அதுதான். நம் விளக்கும் மின்விசிறியும் பெரும்பாலும் டீசலில் இயங்குகின்றன. அந்த டீசலில் ஒரு சொட்டுகூட இத்தீவுகளில் ஊறுவதில்லை.

நான் ரயில்வேயில் டீசல் எஞ்சின் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது மகன் குடும்பத்தோடு லம்பா லைனில் வசித்து வருகிறேன். டீசலைப் பற்றி ஓரளவு அறிந்தவன் என்ற உரிமையில், நம்மைப் போலவே கடல் சூழ்ந்த ஒரு சிறு தீவின் மக்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்பதையும், அதில் நமக்குப் பயன்படுவது எது என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

டென்மார்க் கற்ற பாடம்

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள டென்மார்க் நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு பரப்பே கொண்ட சிறிய நாடு. 1973-இல் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபோது, அந்நாடு தன் எரிசக்தித் தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. எண்ணெயை மிச்சப்படுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசு தடை விதித்தது. அப்போது பட்ட அடியை அந்நாட்டினர் மறக்கவில்லை. வீடுகளில் வெப்பம் வீணாகாமல் சுவர்களையும் சன்னல்களையும் மாற்றினர். ஊருக்கு ஒரு பொதுக் கொதிகலன் வைத்து, குழாய் வழியே எல்லா வீடுகளுக்கும் வெந்நீர் அனுப்பினர். காற்றாலைகளை நிறுவினர். 1991-இல் விண்டெபி என்ற இடத்தில் கடலுக்குள் பதினொரு காற்றாலைகளை நட்டனர். கடலில் அமைந்த உலகின் முதல் காற்றாலைத் தொகுதி அதுவே. அண்மை ஆண்டுகளில் அந்நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்தே கிடைக்கிறது.

காசு உள்ள நாடு, அதனால் செய்தார்கள் என்று நாம் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. அங்கே நடந்த ஒன்று காசைவிட முக்கியமானது. அதைச் சாம்சோ தீவின் கதை காட்டுகிறது.

சாம்சோ என்ற சிறு தீவு

சாம்சோ 114 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. மக்கள்தொகை சுமார் நான்காயிரம். உருளைக்கிழங்கு விவசாயமும் பன்றி வளர்ப்பும் கோடைகாலச் சுற்றுலாவும் அவர்கள் பிழைப்பு. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் கப்பலில் வந்தது. மின்சாரமோ பெருநிலத்தில் நிலக்கரியை எரித்து, கடலடிக் கேபிள் வழியே வந்தது.

1997-இல் டென்மார்க் அரசு ஒரு போட்டி வைத்தது. பத்தாண்டுகளுக்குள் முழுவதும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் இயங்கும் தீவாக மாற யார் நல்ல திட்டம் தருகிறார்கள் என்பதே போட்டி. நான்கு தீவுகளும் ஒரு தீபகற்பமும் கலந்துகொண்டன. சாம்சோ வென்றது. ஆனால் வெற்றிக்குப் பரிசுப் பணம் ஏதும் இல்லை. தீவு மக்களில் பலருக்கும் முதலில் இதில் அக்கறை இல்லை.

அப்போது அந்தத் தீவில் பிறந்து வளர்ந்த சோரன் ஹெர்மான்சன் இப்பணியில் இறங்கினார். சுற்றுச்சூழல் பாடம் நடத்திய ஆசிரியர் அவர். ஊர்க் கூட்டம் எங்கு நடந்தாலும் அங்கே போய்ப் பேசினார். செல்வாக்குள்ள விவசாயிகளை முதலில் இணங்க வைத்தார். ஒருவர் சேர்ந்ததும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்தார். 2000-இல் தரையில் பதினொரு காற்றாலைகள் சுழன்றன. ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட் திறன் கொண்டது. தீவின் ஆண்டு மின்தேவைக்கு அவை போதுமானவை. 2003-இல் கடலில் மேலும் பத்து காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. காரும் டிராக்டரும் படகும் எரிக்கும் எண்ணெய்க்கு ஈடுகட்டவே இவை. வைக்கோலை எரித்து வெந்நீர் தரும் பொதுக் கொதிகலன்களும் வந்தன. அறுவடைக்குப் பின் வயலில் கிடந்த வைக்கோல் இப்போது வீட்டைச் சூடாக்குகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது காற்றாலைகளின் சொந்தக்காரர்கள் யார் என்பதைத்தான். தரையில் உள்ள பதினொன்றில் ஒன்பதை விவசாயிகள் தனித்தனியே வாங்கினர். மீதி இரண்டும் நிலம் இல்லாத சாதாரண மக்கள் பங்கு போட்டு வாங்கியவை. கடலில் உள்ளவற்றில் ஐந்து உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தம். தலைநகர் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் 2000-இல் நிறுவப்பட்ட மிட்டெல்குருண்டன் காற்றாலைகளிலும் இதே முறைதான். இருபது காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட ஒரு கூட்டுறவு அமைப்புக்கு உரியது. அடுத்தவன் காற்றாலை என்றால் அதன் ஓசை இரைச்சல். அதில் தன் பங்கும் சுழல்கிறது என்றால் அதே ஓசை வருமானம். நாலு பேர் பங்கு போட்டு ஊர்க் காரியம் செய்வது நம்மவர்களுக்குப் புதிதல்ல. கோயில் திருவிழாவுக்கு வரி பிரிப்பதும், சீட்டுக் கட்டுவதும், கண்மாய்க்குக் குடிமராமத்து செய்வதும் அந்த வகைதானே!

அங்கே முடிந்தது இங்கே முடியுமா?

கண்மூடித்தனமாகப் பின்பற்றுவது தொழில் தெரிந்தவன் செய்யும் காரியமல்ல. சாம்சோவுக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சாம்சோ பெருநிலத்தோடு மின்கேபிளால் இணைந்தது. காற்று அடிக்கும்போது மிச்சத்தை அனுப்பலாம், ஓயும்போது திரும்ப வாங்கலாம். நமக்கு 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து 2,312 கிலோமீட்டர் நீளக் கண்ணாடியிழைக் கேபிள் கடலடியில் வந்தது. அதில் பேரப் பிள்ளைகளின் முகம் வருகிறதே தவிர மின்சாரம் வருவதில்லை. நம் மின்வலை தன்னந்தனியாக நிற்பது.

தனித்து நிற்கும் சிறிய மின்வலையில் சூரிய மின்சாரத்தைச் சேர்ப்பது எளிதல்ல. ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தால் சில நொடிகளில் உற்பத்தி பாதியாகலாம். அந்தக் குறையை டீசல் எஞ்சின் உடனே தாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரே இருட்டாகும். இதற்காக டீசல் எஞ்சின்களைக் குறைந்த சுமையில் எப்போதும் ஓட விட்டுத் தயாராக வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் செலவு குறையாது. நாங்கள் பராமரித்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் பதினாறு சிலிண்டர்களும் 2,600 குதிரைத் திறனும் கொண்டது. அது வண்டி இழுக்காமல் நின்றபடி ஓடினாலும் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். வேலை செய்யாத எஞ்சினுக்கும் சாப்பாடு போட்டே ஆக வேண்டும்.

இதற்கு மருந்து மின்கலத் தொகுதி. மலைப்பாதையில் ஏற்றம் வரும்போது வண்டியின் பின்னால் பேங்கர் எஞ்சின் சேர்த்துத் தள்ளுவோம் அல்லவா? அதுபோல மேகம் கடக்கும் நேரத்தில் மின்கலம் தோள் கொடுக்கிறது. அதற்குள் டீசல் எஞ்சினைக் கிளப்பிவிடலாம்.

இந்த வேலை நம் ஊரில் ஏற்கனவே தொடங்கிவிட்டது. காராச்சர்மாவில் தேசிய அனல் மின் கழகம் 2012-13 வாக்கில் 5 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. அதன் பின் ஆட்டம்பகாடிலும் டாலிகஞ்சிலும் 20 மெகாவாட் சூரிய மின்சாரமும் 8 மெகாவாட் மணி மின்கலத் தொகுதியும் வந்தன. அமைத்தது யார் தெரியுமா? நம் நெய்வேலி நிறுவனம்தான். கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டிய நிறுவனமே இங்கு வந்து வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது காலத்தின் மாற்றம். வட அந்தமானில் திக்லிபூர் அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் 2001 முதல் உள்ளது.

பிறகு என்ன குறை? இடம்தான். ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு நான்கைந்து ஏக்கர் நிலம் வேண்டும். இத்தீவுகளின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. அதை வெட்டித் தகடு பதிப்பது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் இங்கு மரம் வெட்டுவதற்கும் கடற்கரை மணல் எடுப்பதற்கும் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. வீடு கட்டுவோர் அதனால் சிரமப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் காடுதான் மழையைப் பிடித்து ஓடைகளுக்குத் தருகிறது. அந்த மணல்தான் அலையைத் தடுக்கிறது. கடல் உள்ளே வந்தால் என்னவாகும் என்பதைச் சிப்பிகாட் நமக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் தாழ்ந்து, அங்கிருந்த வயல்கள் உப்புநீரில் மூழ்கின. நெல் விளைந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே காட்டையும் வயலையும் தொடாமல் நமக்கு இருக்கும் ஒரே காலி நிலம் வீட்டுக் கூரைதான்.

மழை ஊரில் தண்ணீர்ப் பஞ்சம்

கூரை என்றதும் மழையையும் சேர்த்தே பேச வேண்டும். இங்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரு மடங்குக்கும் அதிகம். ஆனாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாம் குடத்தோடு காத்திருக்கிறோம். தெருவில் யாராவது "பானி ஆ கயா" என்று குரல் கொடுத்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டு ஓடுகிறோம். இந்தியில் 'லம்பா' என்றால் நீளம். மார்ச் மாதத்தில் தண்ணீர் லாரி முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் நம் பகுதிக்குப் பொருத்தமான பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்!

மலையும் சரிவுமான இத்தீவில் மழைநீர் நிற்பதில்லை. பெய்த சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடுகிறது. தலைநகருக்கு முக்கிய நீராதாரம் 1973-இல் கட்டப்பட்ட தனிக்காரி அணை. அந்த நீரைச் சுத்திகரித்து மேட்டுத் தொட்டிகளுக்கு ஏற்ற மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு டீசல் வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு மறந்தால் கடல் கடந்து வந்த டீசலும் சேர்ந்து சாக்கடையில் போகிறது.

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் நம் தீவுக்கு அப்படி ஒரு ரயில் வரப் போவதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்து மழைநீரை அண்டாவில் பிடிப்பதும், இராமநாதபுரத்துச் சீமையில் ஊருணியைக் காவல் காப்பதும் நம் முன்னோர் செய்தவை. அதைவிடப் பல மடங்கு மழை பெய்யும் இடத்துக்குக் குடிவந்த நாம் அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

ஒரே கூரை, இரண்டு வேலை

எங்கள் தெருவில் உள்ள ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ஐயா, இங்க வருஷத்துல எட்டு மாசம் மழை. சூரியத் தகடு போட்டு என்ன ஆகப் போகுது?"

நியாயமான கேள்வி. நான் சொன்னேன்: "மழை பெய்யும்போது தொட்டி நிறையும்மா. மழை நின்னா தகடு வேலை செய்யும். தண்ணி இல்லாத நாலு மாசம்தான் வெயில் நல்லா அடிக்குது."

கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு விழும் மழை சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம் லிட்டர். சிந்தியது போக எண்பது சதவீதம் பிடித்தாலும் 2 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் தேறும். அத்தனையையும் சேமிக்கத் தொட்டி கட்ட முடியாது, தேவையும் இல்லை. 5,000 லிட்டர் தொட்டி ஒன்று டிசம்பர் மழையில் நிறைந்திருந்தால், சமையலுக்கும் குடிக்கவும் நாளுக்கு 40 லிட்டர் வீதம் 125 நாள் வரும். அதாவது ஜனவரி முதல் ஏப்ரல் முடிய! வாடகை வீட்டில் இருப்பவர்கள் 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைக்கலாம். குடிக்க மட்டும் நாளுக்கு 15 லிட்டர் என்றால் 133 நாள். வீடு மாறும்போது தொட்டியையும் எடுத்துச் செல்லலாம்.

தொழில்முறையில் சில எச்சரிக்கைகள்: முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், கூரைத் தூசும் பறவை எச்சமும் அதில்தான் வரும். குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள். இல்லாவிட்டால் டெங்குவை வளர்த்தவர்களாவோம். 5,000 லிட்டர் என்பது ஐந்து டன் எடை. அதை மாடியில் ஏற்றாமல், தரையில் உறுதியான மேடை அமைத்து வையுங்கள். குடிக்கும் நீரைக் காய்ச்சியே குடியுங்கள்.

இனிச் சூரிய மின்சாரம். 3 கிலோவாட் தகடு இங்கு மழைக்காலத்தையும் சேர்த்துச் சராசரியாக நாளுக்குப் பத்து யூனிட் தருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 3,650 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை எடுக்கலாம். ஆக ஒரு வீட்டுக் கூரை ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் லிட்டர் டீசலை, அதாவது ஐந்து பீப்பாயை, கப்பலில் ஏற்றாமல் தடுக்கிறது. நூறு வீடு சேர்ந்தால் ஒரு லட்சம் லிட்டர். எங்கள் டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினின் டீசல் தொட்டியை இருபது முறை நிரப்பும் அளவு அது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், நம் தீவுகளுக்கு 3 கிலோவாட்டுக்கு 85,800 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. பெருநிலத்தில் இதுவே 78,000 ரூபாய். இந்தத் திட்டத்துக்கு 2026-27 நிதியாண்டு வரையே காலம் வகுக்கப்பட்டிருப்பதால் விண்ணப்பிக்கும் முன் மின்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மின்கலம் இல்லாத, மின்துறைக் கம்பியோடு இணைந்த தகடு, ஊரில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. அது பழுதல்ல. அடுத்தது உப்புக் காற்று. பாம்பன் பாலத்தின் இரும்பை அது என்ன பாடு படுத்தியது என்பது ரயில்வேயில் எல்லாரும் அறிந்ததே. தகட்டின் தாங்கிகளும் போல்ட்டுகளும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். புயலைத் தாங்கும்படி முறுக்கி இறுக்கப்படட்டும்.

இது நடக்குமா என்று ஐயுறுவோர் நம் வீட்டுப் பக்கத்திலேயே பார்க்கலாம். லம்பா லைனை ஒட்டிய விமான நிலையத்தில் 2023 ஜூலை 18 அன்று திறக்கப்பட்ட சங்கு வடிவப் புதிய முனையத்தில், 500 கிலோவாட் சூரிய மின்சாரம், மழைநீரைப் பிடிக்கும் நிலத்தடித் தொட்டி, கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடும் ஏற்பாடு ஆகியவை திட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. பகல் வெளிச்சம் உள்ளே வரக் கூரையில் திறப்புகளும் வைத்தார்கள். விமானம் ஏற வருவோர் சில மணி நேரம் தங்கும் கட்டடத்துக்கு இவ்வளவு ஏற்பாடு இருக்கும்போது, ஆண்டு முழுதும் குடியிருக்கும் நம் வீடுகளுக்கு ஒரு தொட்டியாவது வேண்டாமா?

நம் சங்கம் என்ன செய்யலாம்?

சாம்சோவில் கூட்டம் கூட்டிப் பேசியதுதான் முதல் வேலை. நம் சங்கமும் அதையே செய்யலாம். மழைத் தொட்டி வேண்டும் என்போரின் பெயர்களைத் திரட்டி ஒரே ஆர்டராகக் கொடுத்தால் விலையும் கப்பல் கூலியும் குறையும். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே பிளம்பரை வைத்து ஒரு வாரத்தில் எல்லா வீட்டுக்கும் குழாய் பொருத்தலாம். சொந்தக் கூரை இல்லாத குடும்பங்கள் நம்மில் அதிகம். அவர்களும் பங்கு போட்டுச் சங்கக் கட்டடத்தின் கூரையில் தகடு அமைத்தால், மிச்சமாகும் மின்கட்டணம் நூலகத்துக்கோ பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கோ உதவும். முதலில் சங்கத்தின் கூரையில் ஒரு தொட்டி வைப்போம். அது மார்ச் மாதத்தில் தண்ணீர் தருவதைப் பார்த்தால் மற்றவர்கள் தாமே கேட்டு வருவார்கள்.

நம் ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியபோது, சோழர் கடற்படை இத்தீவுகளுக்கு வந்ததை எண்ணி நாம் பெருமைப்பட்டோம். சோழர்கள் ஏரி வெட்டி நீரைக் காத்தவர்களும் அல்லவா! இங்கு பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இராமநாதபுரமும் திருநெல்வேலியும் விடுமுறைக்குப் போகும் ஊர்கள். இந்தத் தீவுதான் சொந்த ஊர். அவர்கள் குடும்பம் நடத்தும் காலத்திலும் இங்கே காடும் குடிநீரும் இருக்க வேண்டும்.

வரும் மழைக்காலம் முடிவதற்குள் நம்மில் இருபது குடும்பங்களாவது ஒரு தொட்டி வைக்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழாய் அமைப்பு, அளவு, இடம் ஆகியவற்றில் ஐயம் உள்ளவர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். அளவு நாடாவோடு உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்ல நான் தயாராக இருக்கிறேன்.